சான்றுக்கு ஏற்ற வாய்

புதிமிரின் உடம்பில் எங்கோ தீ எரிந்துகொண்டிருந்தது. எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

சி.ஆர்.பி. என்று ஒரு ரத்தச் சோதனை இருக்கிறது. உடம்பில் அழற்சி இருந்தால் அந்த எண் ஏறும். வீட்டில் புகை வருகிறது என்று அது சொல்லும். அடுப்படியிலா, மாட்டுக்கொட்டகையிலா என்று சொல்லாது. எங்கள் டயாலிசிஸ் கூடத்துக்கு மாதாமாதம் அந்த எண் வந்து சேரும் நாளில், கால்பந்து முடிவைக் கேட்பதுபோல ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மனிதர்களுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

"என்ன புதிமிர், இந்த மாசம் எவ்ளோ?" என்று எதிர் நாற்காலியிலிருந்து பெர்ஸா அக்கா கேட்பாள்.

"நாப்பத்தாறு."

"பரவாயில்லையே, போன மாசத்தவிட ஏறியிருக்கு. பாடுபடுற மனுசன்டா நீ."

கூடமே சிரிக்கும். புதிமிரும் சிரிப்பான், வாயை மூடிக்கொண்டு. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

நாங்கள் கொலுபாரா ஆற்றோரத்து ஆட்கள். பாதிப்பேர் நிலக்கரிப் பள்ளத்தில் வேலை பார்த்தவர்கள். நான் கன்வேயர் பட்டையில், புதிமிர் மண்வாரி இயந்திரத்தின் மேலே. சில வீடுகளில் அப்பன், பிள்ளை, பேரன் என்று வரிசையாகச் சிறுநீரகம் போகும். முதலில் கிணற்றுத் தண்ணீர் என்றார்கள். பிறகு நிலக்கரி என்றார்கள். கடைசியில் கோதுமையோடு சேர்ந்து அரைபட்ட ஒரு களைவிதை என்றார்கள். அதாவது அத்தனை காலமும் ரொட்டியைத்தான் பழிக்காமல் விட்டிருந்தோம்.

புதிமிருக்கு ஒரு வழி திறந்திருந்தது. அவன் பெண்சாதி மிலுங்கா மலைமேல் ஊரில் பிறந்தவள். எங்கள் ரொட்டியைத் தின்று வளராதவள். அவளுடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று தலைநகர் பெல்கிரேடில் சொல்லிவிட்டார்கள். இரண்டு நிபந்தனை. இலையுதிர்காலத்தில் மாற்று அறுவைக் குழு கூடும்போது அந்த எண் பத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மிலுங்காவின் ரத்த அழுத்தமும் இப்போது இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். "இந்த வருஷம் சரி. அடுத்த வருஷம் உறுதி சொல்ல மாட்டோம்" என்று அவளிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். இந்த இலையுதிர்காலம் தவறினால் புதிமிர் சாகும்வரை எங்கள் கூடத்தில்தான். அது எவ்வளவு காலம் என்று நாங்கள் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

குழுவுக்கு இதயம், நுரையீரல், வயிறு, கண், பல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவச் சான்று வேண்டும். மற்றதற்கெல்லாம் புதிமிர் வரிசையில் நின்றான். பல்லுக்கு மட்டும் நிற்கவில்லை. பல்லுக்கு அவனுடைய கூம் இருந்தான்.

கூம் என்றால் கல்யாணத்தில் சாட்சி நிற்பவன், பிள்ளைக்கு ஞானத்தந்தை ஆகிறவன். கூடப்பிறந்தவனோடு கோர்ட்டுக்குப் போகலாம். கூமோடு முகம் சுளிக்கக்கூட முடியாது. புதிமிரின் கூம் சிமேயுன், கடைத்தெருவில் பல் மருத்துவன். புதிமிர் ஒரு புகைபோட்ட பன்றித்தொடையும் பிளம் பழத்தில் காய்ச்சிய ரக்கியாச் சாராயம் ஒரு குப்பியும் எடுத்துக்கொண்டு போனான்.

"வாயத் தொறக்கட்டுமா, கூமே?" என்று கேட்டானாம்.

"எதுக்குடா? நீ மேசையத் தூக்குனப்போ பக்கத்துல நின்னவன் நான். எங்கிட்டயா பல்லக் காட்டப்போற?"

மேசை விஷயம் உண்மை. இளவயதில், கல்யாணங்களில் கோலோ ஆட்டம் சூடு பிடிக்கும்போது, புதிமிர் மேசையின் ஓரத்தைப் பல்லால் கவ்வித் தூக்கி, மேலே இருக்கும் குப்பிகள் விழாமல் ஒரு சுற்று ஆடுவான். பாட்டுக்காரர்களே அவன் நெற்றியில் பண நோட்டு ஒட்டாத குறை. பீர் மூடியைச் சூரியகாந்தி விதை உடைப்பதுபோலப் பல்லால் திறப்பான். எங்கள் ஊரில் ஐம்பது வயதில் சொந்தப் பல் முழுசாக வைத்திருக்கிறவனை மேயரைவிட மதிப்பார்கள். ஆகவே சிமேயுன் உட்கார்ந்த இடத்திலேயே எழுதினான்: வாயில் நோய்த்தொற்று ஏதும் இல்லை. முத்திரை குத்தினான். பன்றித்தொடையை உள்ளே எடுத்துப்போனான்.

அந்தச் சான்று கோப்பில் ஏறிய நாளிலிருந்து புதிமிரின் வாய் மருத்துவர்களுக்கு மூடிப்போனது. மீதி உடம்பு முழுக்கத் தேடினார்கள். டயாலிசிஸ் ஊசி குத்தும் கையை ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். பித்தப்பையைப் பார்த்தார்கள். மூத்திரமே வராதவனைக் குனியச் சொல்லி புரோஸ்டேட்டைப் பார்த்தார்கள். ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், எண் இறங்கவில்லை. இரண்டாவது கொடுத்தார்கள், எண் இறங்காமல் வயிறு இறங்கியது. எங்கள் பெரிய டாக்டர், வெள்ளை மீசைக்காரர், நாற்காலிக்கு எதிரே நின்று தலையை ஆட்டுவார்.

"புதிமிர், இது உன் உடம்புல எங்கியோ ஒளிஞ்சிருக்கு. நான் விடமாட்டேன்."

"விடாதீங்க டாக்டர்" என்பான் புதிமிர். உதட்டைப் பிரிக்காமலே.

இயந்திரத்தில் இருக்கும்போது எங்களுக்கு ஒரு பன் கொடுப்பார்கள், நடுவே ஒரு துண்டு வெண்ணெய்க்கட்டி. வசந்தத்தில் ஒருநாள் புதிமிர் அதைக் கடித்து இழுத்தான். பன்னோடு அவனுடைய முன்பல் ஒன்றும் வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் நான். பன்னின் வெள்ளையில் பல் நட்டுவைத்த மாதிரி நின்றது. சுற்றிலும் ரத்தம். அவன் என்னைப் பார்த்தான். பிறகு, தெருவில் காசு கிடந்தால் எடுப்பதுபோலப் பல்லைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிச்சப் பன்னைத் தின்றான்.

எங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வேனில் பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்டேன். "எவ்ளோ நாளா?"

"ரெண்டு மூணு வருசமா ஆடுது. ஈறு வீங்கும், சீழ் வரும், ரக்கியாவ வாயில வச்சுக் கொப்புளிச்சா அடங்கிடும்."

"கொப்புளிச்சுத் துப்புவியா?"

"ரக்கியாவத் துப்பறவன் மனுசனாடா, ஓப்ரென்?"

"தலகாணியில ரத்தம் இருக்குமே. மிலுங்கா கேக்கலையா?"

"டயாலிசிஸ்ல ரத்தம் உறையாம இருக்க மருந்து போடறாங்கல்ல, அதனாலன்னு சொல்லிட்டேன்."

"டேய், அவங்க தேடற தீ உன் வாயிலடா இருக்கு! நாளைக்கே டாக்டர்கிட்டச் சொல்லு."

"சொல்லி? 'எந்த நாய் இந்தச் சான்றை எழுதுச்சு'ன்னு கேப்பாங்க. சிமேயுனோட லைசென்ஸ் போகும். என் பொண்ணுக்கு ஞானஸ்நானம் பண்ணவன்டா அவன். பொய்ச் சான்று குடுத்தேன்னு குழு என்னையும் வெளிய தள்ளும். நீ வாய மூடு."

"நான் மூடலாம். நீ எவ்ளோ நாள் மூடுவ?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான். மூன்றாவது ஆன்டிபயாடிக்கை ஊசியாக ஏற்றப்போவதாகப் பெரிய டாக்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. ஆம்பிளைகள் சட்டைப்பையில் மறைப்பதெல்லாம் துவைக்கிறவள் கையில்தான் போய்ச் சேரும். மறுநாள் மிலுங்கா என் வாசலில் நின்றாள். பள்ளத்துக் கேன்டீனில் பல வருஷம் கரண்டி பிடித்தவள், தோள் இரண்டும் ஆம்பிளைத் தோள். உள்ளங்கையை விரித்தாள்.

"ஓப்ரென் அண்ணே, இது யாரோட பல்லு?"

"என்னுது இல்லம்மா" என்றேன். எனக்கு மொத்தமே மூன்றுதான். அவளுக்கும் தெரியும்.

"நெனச்சேன். கெளம்புங்க. கூம் வீட்டுக்குப் போறோம். ஒரு சாட்சி வேணும் எனக்கு. போன சாட்சி சரியில்ல."

வழியில் புதிமிரையும் வேலியோரத்திலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டாள். சிமேயுன் வீட்டில் காபி வந்தது, ஒரு கரண்டி பழப்பாகு வந்தது, ரக்கியா வந்தது. மிலுங்கா எதையும் தொடாமல் பல்லை மேசைமேல் வைத்தாள்.

"கூமே, எம்புருசன் வாயப் பாத்தியா நீ?"

சிமேயுன் பருமனான, நல்ல மனசுக்காரன். "மிலுங்கா, தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கறதே தப்பும்பாங்க. கூமோட பல்ல எப்படிப் புடிச்சுப் பாப்பேன்?"

"மாடு இல்ல இங்க தானம். என் சிறுநீரகம்! அத அறுத்துக் குடுக்கப்போறவ நான். நீ பாத்திருக்கணும்."

"அவன் தொறக்கட்டுமான்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன். மரியாதைக்கு."

"மரியாதையாலதான் இவன் வயித்துல ரெண்டு வண்டி மருந்து எறங்கியிருக்கு. இப்பப் பாரு. டேய், தொற வாய."

புதிமிர் திறந்தான். சிமேயுன் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, காபிக் கரண்டியின் காம்பால் உதட்டை விலக்கினான். ஈறு கறுஞ்சிவப்பாக உப்பி, பல்லை விட்டுக் கீழிறங்கி, அழுத்தினால் சீழ் கசிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் உடம்பில் வெளியே இருந்தால் ஊரே கூடியிருக்கும். இது வாய்க்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"வெளியிலிருந்து பாத்தா மாளிகை" என்றான் சிமேயுன். "அஸ்திவாரம் பூரா சேறு."

"சரி, இப்ப வேற சான்று எழுது. 'நோய் இருக்கு'ன்னு."

"அப்ப மொதல்ல எழுதுனது?"

சிமேயுன் தன் ரக்கியாவைக் குடித்தான். புதிமிருடையதையும் குடித்தான். பிறகு சொன்னான்: "சான்று முன்னாடியே போயிடுச்சு, மிலுங்கா. இனிமே வாயத்தான் அதுக்குப் பின்னாடி அனுப்பணும்."

அப்படித்தான் முடிவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்வழியாக. டயாலிசிஸ் நோயாளி வாயில் கத்தி வைக்க சிமேயுனுக்குப் பயம். ரத்தம் நிற்காவிட்டால்? கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால்? யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். புதிமிர் கேட்டால் குட்டு உடையும். மிலுங்கா என்னைப் பார்த்தாள்.

எங்கள் கூடத்தில் டாக்டர் தியானா என்று ஒரு இளம் மருத்துவர், பெரிய டாக்டருக்குக் கீழே. நான் அவளைக் கூப்பிட்டேன்.

"டாக்டரம்மா, எனக்கு ஈறு சுத்தம் பண்ணிக்கணும். எப்ப பண்ணலாம், என்ன மாத்திரை, கொஞ்சம் சொல்லுங்க."

"வாயைத் திறங்க."

திறந்தேன்.

"ஓப்ரென் மாமா, மூணு பல்லு இருக்கு."

"அந்த மூணையாவது காப்பாத்தலாம்னு."

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் புதிமிர் கண்ணை இறுக மூடித் தூங்குகிறவன்போல நடித்துக்கொண்டிருந்தான். தூங்குகிறவனுக்குக் காது சிவக்காது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எனக்குச் சொல்வதுபோல அவன் பக்கம் குரலைத் திருப்பிச் சொன்னாள். டயாலிசிஸ் நாளில் கூடாது, மறுநாள் செய்யணும், அதற்குள் ரத்தம் உறையவிடாத மருந்தின் வேகம் அடங்கியிருக்கும். ஊசிக்கை பக்கம் யாரும் பிரஷர் பார்க்கக்கூடாது. முன்கூட்டி எந்த மாத்திரை, எவ்வளவு. வலிக்கு எதைத் தொடக்கூடாது. ஒரே நாளில் வாய் முழுக்கச் சுரண்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக. தினமும் பல்லிடுக்கில் சின்ன பிரஷ்.

"சனிக்கிழமை டயாலிசிஸ்காரங்க ஞாயித்துக்கிழமை பண்ணிக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டாள். "அப்புறம் ரக்கியா வேண்டாம், மாமா."

"கொப்புளிக்கக்கூடவா?"

"கொப்புளிக்கக்கூட."

பக்கத்து நாற்காலியிலிருந்து தூக்கத்தில் ஒரு பெருமூச்சு வந்தது.

முதல் ஞாயிறு நானும் கூடப்போனேன். சிமேயுன் மரப்பு ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் கொக்கியை விட்டுச் சுரண்டினான். நாங்கள் பள்ளத்தில் பாறை இடுக்கிலிருந்து கரியைச் சுரண்டுவோமே, அதே சத்தம். வந்ததும் கிட்டத்தட்ட கரிதான். கறுத்து, கல்லாகி, நாறியது. புதிமிர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"கத்தாதடா, பக்கத்துல சர்ச்சு விட்டு ஜனம் வருது" என்றான் சிமேயுன். "பாவமன்னிப்பு நேரம்னு நெனச்சுக்க."

"பாவம் யாருது? உன்னுதா, என்னுதா?"

"சரிபாதி. ஆனா தொடை மட்டும் முழுசும் நான் தின்னேன்."

ஆடிக்கொண்டிருந்த வேறு இரண்டு பல்லையும் பிடுங்கியாயிற்று. அடுத்த மாத எண் வந்தது. ஐம்பத்தெட்டு.

அன்றைக்கு வேனிலிருந்து வீட்டு வாசலில் இறங்கும்போது புதிமிர் சொன்னான்: "முடிஞ்சுது. நாறட்டும். இருக்கற பல்லோட சாவறேன்."

மிலுங்கா வேலியருகே நின்றிருந்தாள். அவனைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மாட்டுக்கொட்டகையக் கழுவினா மொத நாள் நாத்தம் கூடத்தான் அடிக்கும்" என்றாள். "நான் என் வயித்த அறுக்க ஒத்துக்கிட்டேன். நீ வாயத் தொறக்க மாட்டியா?" அவள் கை தன் இடுப்பின்மேல் இருந்தது, கத்தி வைக்கப்போகும் இடத்தில். அவளுக்கே தெரியாமல் போன கை. புதிமிர் அதைப் பார்த்தான். அடுத்த ஞாயிறு அவனே முன்னால் நடந்தான்.

கோடையில் எண் இறங்க ஆரம்பித்தது. முப்பது. இருபது. முகத்தில் நிறம் வந்தது. பன்னை முழுசாகத் தின்று என்னுடையதையும் கேட்டான். செப்டம்பரில் பெர்ஸா அக்கா வழக்கம்போலக் கேட்டாள்.

"எவ்ளோடா?"

"ஏழு."

எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்து அவனைப் பார்த்தோம். "எதையோ மறைக்கறான்" என்றாள் அக்கா. "திருடியிருக்கான்."

பெரிய டாக்டர் ஓடிவந்து புதிமிரின் கையைக் குலுக்கினார். மூன்றாவது ஆன்டிபயாடிக் அதே கோடையில்தான் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்குச் சந்தேகமே இல்லை. "நான் சொன்னேன்ல? விடமாட்டேன்னு! இத மாநாட்டுல பேசப்போறேன்." புதிமிர் நன்றி சொன்னான். வேறென்ன சொல்வான்? வாயைத் திறந்தால் ஏழு மறுபடி ஐம்பதாகிவிடும் என்பதுபோல நின்றான்.

கோப்பு பெல்கிரேடுக்குப் போவதற்கு முந்தின நாள் டாக்டர் தியானா கைவிளக்கோடு வந்தாள். யாரையும் கேட்காமல் புதிமிரின் தாடையைப் பிடித்துத் திறந்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாக்குக்கு அடியில். பிறகு கோப்பில் இருந்த பழைய சான்றை எடுத்துப் படித்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கு" என்றாள். "தேதிதான் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கு. இன்னிக்குத் தேதியில நானே பாத்தேன்னு கீழ எழுதிடறேன்."

குழு ஒத்துக்கொண்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. எண் ஏறியிருக்கும் எல்லோருக்கும் அதே ஆன்டிபயாடிக்கை ஏற்றப்போவதாகப் பெரிய டாக்டர் சொன்னார். பட்டியலில் பெர்ஸா அக்கா இருந்தாள். நானும் இருந்தேன், மூன்று பல்லை வைத்துக்கொண்டு. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் புதிமிர் அறுவை மேசைக்குப் போகும் முன்னே கோப்பு திரும்பி வரும். வேனில் நான் விஷயத்தை எல்லோருக்கும் சொன்னேன். பெர்ஸா அக்காதான் ஆரம்பித்தாள்.

"இந்த சிமேயுன் ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்குத் தொறப்பான்?"

அந்த இலையுதிர்காலம் முழுக்க சிமேயுன் ஒரு ஞாயிறுகூடச் சும்மா இருக்கவில்லை. பின்வாசலில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், பிரசாதத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. ஒரு பன்றித்தொடைக்கு ஒரு பொய் எழுதினவன், இப்போது கூடத்தில் எல்லோர் வாயையும் இலவசமாக, ஒழுங்காகச் சுரண்டிக்கொண்டிருந்தான். காசு கேட்க வாய் வரவில்லை. "ஒரே ஒரு முத்திரை குத்துனேன்டா, என் ஆயுசுல" என்று முனகுவான். "கம்யூனிஸ்ட் காலத்துலகூட இவ்ளோ வேல செஞ்சதில்ல."

டாக்டர் தியானா ஊசியை யாருக்கும் அவசரப்பட்டுத் தொடங்கவில்லை. மருந்து வரவில்லை என்பாள். வந்தால், இன்னொரு சோதனை பாக்கி என்பாள். ஒருநாள் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கிராம்புத் தைல வாசனை அடித்திருக்க வேண்டும்.

"யார் பண்ணாங்க, மாமா?"

"கடவுள்."

"கடவுளுக்குக் கை சுத்தம். பின்பல்லுக்குக் கீழயும் கொஞ்சம் ஆழமாப் போகச் சொல்லுங்க."

எண்கள் இறங்கின. எல்லோருக்கும் இல்லை. லியூபோவுக்குக் காலில் புண் இருந்தது, அவனுக்கு இறங்கவில்லை. பெர்ஸா அக்காவுக்குப் பாதியானது, எனக்கும் கொஞ்சம் குறைந்தது. ஊசி போட்ட ஒன்றிரண்டு பேரும் அதில் இருந்ததால், பெரிய டாக்டருக்கு மாநாட்டுப் பேச்சு இன்னும் நீண்டது.

நவம்பரில் புதிமிரும் மிலுங்காவும் பெல்கிரேடுக்குப் போனார்கள். பல நாள் செய்தி இல்லை. அவன் நாற்காலியில் புதிதாக ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவனிடம் யாரும் எண்ணைக் கேட்கவில்லை. ஒரு பகலில் என் கைபேசி அடித்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"ஓப்ரென்! மூத்திரக் குழாய எடுத்துட்டாங்கடா!"

"மிலுங்கா எப்படி?"

"பக்கத்துல நிக்கறா. நடக்கும்போது இழுக்குதுன்னு என்னையே திட்டறா."

"அப்ப நல்லாத்தான் இருக்கா. நீ?"

கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஒன்னுக்குப் போனேன்டா. நானா எந்திரிச்சு நின்னு. குதிரை மாதிரி. நாலு வருசம் கழிச்சு."

கூடத்தில் கை தட்ட முடியாது. எல்லோருக்கும் ஒரு கை இயந்திரத்தில் இருக்கிறது. ஆகவே மற்ற கையால் தொடையில் தட்டினோம், நாற்காலியில் தட்டினோம், பெர்ஸா அக்கா பன் தட்டை நாற்காலிக் கைப்பிடியில் அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். முந்தின நாள்தான் மாநாட்டிலிருந்து திரும்பியிருந்தார், கழுத்தில் புது டை. வாசலிலேயே நின்றுவிட்டார். எங்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கையை நெஞ்சில் வைத்து, மீசை நடுங்க, எங்களுக்குத் தலை குனிந்து வணங்கினார்.

நாங்கள் தட்டுவதை நிறுத்தவில்லை.